வீட்டுக் குழாயில் அழுத்தம் அதிகமா? வால்வைத் திருகி வைப்பதா, ரெகுலேட்டர் போடுவதா, தொட்டி வைப்பதா

குழாயைத் திறந்தால் தண்ணீர் சீறிக்கொண்டு வருகிறது. ஃபிளஷ் டேங்க் ராத்திரி முழுக்கச் சன்னமாக இரைகிறது. போன முறை வாஷர் மாற்றிய குழாய் அதற்குள் மறுபடி சொட்டுகிறது. இந்த நிலையில் யோசனை கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஒருவர் மெயின் வால்வைக் கொஞ்சம் மூடி வைக்கச் சொல்வார். இன்னொருவர் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரை, அதாவது பிரஷர் ரெட்யூசிங் வால்வை (சுருக்கமாக பி.ஆர்.வி.), போடச் சொல்வார். குழாய்க்குக் குழாய் ஆங்கிள் காக்கை, அதாவது அந்தக் குழாய்க்கு மட்டும் உள்ள சிறு வால்வை, திருகி வைத்தால் போதும் என்பவரும் உண்டு. நேரடி இணைப்பே வேண்டாம், மேலே தொட்டி வைத்துவிடுங்கள் என்பவரும் உண்டு. நான்குமே சில வீடுகளுக்குச் சரி, சில வீடுகளுக்குத் தவறு. எது எந்த வீட்டுக்கு என்று பிரித்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

## ஓட்டம் வேறு, அழுத்தம் வேறு

இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பெரும்பாலான தவறான முடிவுகள் தொடங்குகின்றன. குழாயைத் திறந்ததும் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்பது ஓட்டம். எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது பைப்புக்குள் தண்ணீர் சுவரை எவ்வளவு பலமாகத் தள்ளிக்கொண்டு நிற்கிறது என்பது நிலை அழுத்தம். நம் கண்ணுக்குத் தெரிவது ஓட்டம். வாஷரையும் இணைப்புகளையும் வாஷிங் மெஷினுக்குப் போகும் ஹோஸையும் கெய்சரையும் நாளெல்லாம் அழுத்திக்கொண்டிருப்பது நிலை அழுத்தம். ஒரு நாளில் குழாய் திறந்திருக்கும் நேரத்தைவிட மூடியிருக்கும் நேரம்தானே மிக அதிகம்?

அளவுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். குழாயிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் தொட்டி இருந்தால் கிடைப்பது 0.3 பார்தான். வீட்டுக்கு 2 முதல் 4 பார் இருந்தால் வசதி. நிலை அழுத்தம் 5 பாரைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய இ.என். 806 தரநிலையின் பொது வரம்பு. அமெரிக்க பிளம்பிங் விதிகள் 80 பி.எஸ்.ஐ.க்கு மேல் போனால், அதாவது சுமார் 5.5 பாருக்கு மேல் போனால், அழுத்தம் குறைக்கும் வால்வு கட்டாயம் என்கின்றன. ஆக 5 பார் என்பதை எச்சரிக்கைக் கோடாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

## முதலில் அளந்து பாருங்கள்

எதை வாங்குவதற்கும் முன்னால் ஒரு பிரஷர் கேஜ் வாங்குங்கள். இந்த விஷயத்தில் நான் விடாப்பிடியாகவே இருப்பேன். தோட்டத்துக் குழாய் போல மரை உள்ள ஏதாவது ஒரு குழாயில் அதைத் திருகி, வீட்டில் தண்ணீர் எங்கேயும் ஓடாத நேரத்தில் படித்துப் பாருங்கள். ஊரே தூங்கும் நடுராத்திரியில் பொதுக் குழாயில் பயன்பாடு குறைவு, அதனால் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். எட்டிய அதிகபட்ச அளவிலேயே நின்றுவிடும் இரண்டாவது முள் உள்ள கேஜ் கிடைத்தால் கண் விழிக்க வேண்டியதில்லை, காலையில் போய்ப் பார்த்தால் போதும். பிறகு வேறு இரண்டு குழாய்களைத் திறந்துவிட்டு மறுபடி படியுங்கள்.

இரண்டு எண்களும் சேர்ந்துதான் கதை சொல்லும். மூடியிருக்கும்போது 6 பார், திறந்தால் 5 பார் என்றால் அழுத்தம் உண்மையிலேயே அதிகம். மூடியிருக்கும்போது 6, திறந்ததும் 1 என்று சரிந்தால் அழுத்தமும் அதிகம், வழியில் அடைப்பும் இருக்கிறது. துருவேறிய பைப்பு, முழுதாகத் திறக்காத வால்வு, நிரம்பிப்போன வடிகட்டி, இவற்றில் ஒன்றாக இருக்கும். அடைப்பைச் சரிசெய்யாமல் பி.ஆர்.வி. மட்டும் போட்டால் ஷவரில் தண்ணீர் நூலாகத்தான் வரும், பழி வால்வின் மேல் விழும்.

## எதை வைத்து ஒப்பிடுகிறேன்

- தண்ணீர் ஓடாமல் நிற்கும்போதும் அழுத்தம் குறைகிறதா?
- வீடு முழுவதற்கும் பலன் உண்டா, ஒரு குழாய்க்கு மட்டுமா?
- இரண்டு மூன்று குழாய்களை ஒரே நேரத்தில் திறந்தால் ஓட்டம் தாக்குப்பிடிக்குமா?
- வாங்கும்போது சொல்லப்படாத செலவும் பராமரிப்பும் என்ன?
- பழுதானால் நமக்குத் தெரியுமா, இல்லை சத்தமில்லாமல் கெடுமா?

கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்பதே இல்லை. எனக்கு அது முதல் கேள்விக்குச் சமமாக முக்கியம்.

## மெயின் வால்வைப் பாதி மூடி வைப்பது

செலவில்லாத வழி. திருகிய உடனே சீற்றம் குறைவது கண்ணுக்குத் தெரியும். அதனாலேயே இது சரியான தீர்வு என்று நம்பிவிடுகிறோம்.

நடப்பது இதுதான். குறுகிய வழியில் தண்ணீர் ஓடும்போது உராய்விலும் சுழற்சியிலும் அழுத்தம் இழக்கப்படுகிறது. இழப்பு ஓட்டத்தின் வேகத்தைப் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் இழப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு ஆகும், வேகம் பூஜ்ஜியமானால் இழப்பும் பூஜ்ஜியம். கடைசிக் குழாயை மூடிய சில நொடிகளில் வால்வுக்கு அந்தப் பக்கம் இருக்கும் 6 பாரும் இந்தப் பக்கத்துக்கு வந்துவிடும். இரவு முழுவதும் கெய்சரும் ஹோஸும் வாஷரும் முன்பு தாங்கிய அதே 6 பாரைத்தான் தாங்குகின்றன. ஃபிளஷ் டேங்க் வால்வின் இரைச்சலும் அதனால் நிற்காது.

பகலில் வேறு தொல்லை. ஒருவர் குளிக்கும்போது சமையலறைக் குழாயைத் திறந்தால் ஷவரில் தண்ணீர் சட்டென்று இளைக்கும், ஏனென்றால் ஓட்டம் கூடக் கூட அந்தக் குறுகிய வாயில் இழப்பும் கூடுகிறது.

வால்வுக்கும் இது கெடுதல். கேட் வால்வு முழுதாகத் திறக்கவோ முழுதாக மூடவோ செய்யப்பட்டது. பாதியில் நிறுத்தினால் உள்ளே இருக்கும் தகடு அதிர்ந்துகொண்டே இருக்கும், அதன் விளிம்பும், மூடும்போது அது பொருந்தி அமரும் இருக்கையும் அரிக்கும். சில ஆண்டு கழித்து ஒரு பைப்பு உடைந்து அவசரமாக மூடப் போகும்போதுதான் வால்வு முழுதாக மூடாது என்பது தெரியும். கைப்பிடியைக் கால்வட்டம் திருப்பி மூடும் பால் வால்வும் அப்படித்தான். பாதி திறப்பில் வேகமாகப் பாயும் தண்ணீர் அதன் மென்மையான வளையத்தைத் தேய்த்துவிடும். ஓட்டத்தைக் குறைத்து வைப்பதற்கென்றே செய்யப்பட்டது குளோப் வால்வு. ஆனால் அதுவும் ஓட்டத்தைத்தான் குறைக்கும், நிற்கும் அழுத்தத்தைத் தொடாது.

இது பொருத்தமான இடங்கள் மிகச் சில. பிளம்பர் வரும்வரை ஓரிரு நாள் சமாளிக்கலாம். தோட்டத்துக்குப் போகும் தனிக் கிளையில் சீற்றத்தைக் குறைக்க ஒரு குளோப் வால்வு போடலாம். வீட்டின் மெயின் வால்வுக்கு ஒரே ஒரு வேலைதான் இருக்க வேண்டும்: அவசரத்தில் முழுதாக மூடுவது.

## குழாய்க்குக் குழாய் கட்டுப்படுத்துவது

வாஷ்பேசினுக்குக் கீழே இருக்கும் ஆங்கிள் காக்கைத் திருகி வைப்பது, குழாய் நுனி ஏரேட்டரிலோ ஷவரிலோ ஓட்டக் கட்டுப்பாட்டு வளையம் போடுவது, இரண்டையும் இந்தத் தலைப்பில் சேர்க்கிறேன். ஓட்டக் கட்டுப்பாட்டு வளையம் நல்ல பொருள். அழுத்தம் கூடும்போது உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் நசுங்கி வழியைக் குறுக்கும், குறையும்போது தளர்ந்து வழிவிடும். அழுத்தம் ஏறி இறங்கினாலும் நிமிடத்துக்கு 6 லிட்டர் என்றால் ஏறக்குறைய 6 லிட்டரே வரும். தண்ணீர் மிச்சமாகும், தெறிப்பு நிற்கும்.

நிலை அழுத்தம் இங்கேயும் அப்படியே இருக்கும். நீங்கள் அளந்தது 4 பாருக்குள் இருந்து, ஒன்றிரண்டு குழாய்கள் தெறிப்பது மட்டுமே குறை என்றால் இதைவிட மலிவான, சரியான வழி இல்லை. வாடகை வீட்டுக்கும் ஏற்றது, காலி செய்யும்போது கழற்றிக்கொள்ளலாம். உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் படிவு சேராமல் அவ்வப்போது கழற்றிக் கழுவ வேண்டும்.

## பி.ஆர்.வி. போடுவது

நிலை அழுத்தத்தையும் ஓடும்போது உள்ள அழுத்தத்தையும் சேர்த்துக் குறைப்பது இது. உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு ரப்பர் சவ்வு, ஒரு இருக்கை. வீட்டுப் பக்க அழுத்தம் சவ்வை ஒரு பக்கம் தள்ளுகிறது, ஸ்பிரிங் எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. வீட்டில் யாராவது குழாயைத் திறந்தால் அந்தப் பக்க அழுத்தம் இறங்கும், ஸ்பிரிங் ஜெயித்து வழியைத் திறக்கும். குழாயை மூடியதும் அழுத்தம் ஏறி, நாம் வைத்த அளவை எட்டியவுடன் சவ்வு ஜெயித்து வழியை முழுதாக அடைத்துவிடும். பாதி மூடிய வால்வுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்தக் கடைசி அசைவில்தான் இருக்கிறது. ஓட்டம் நின்றதும் அழுத்தம் உள்ளே கசிந்து ஏற வழியே இல்லை.

அழுத்தத்தைப் பாதியாக்கினால் தண்ணீரும் பாதியாகிவிடுமோ என்ற பயம் தேவையில்லை. குழாய் வாயிலிருந்து வரும் ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு போகும். 6 பாரை 3 ஆக்கினால் ஓட்டம் சுமார் 30 விழுக்காடுதான் குறையும். கெய்சரோ வாஷரோ தாங்க வேண்டிய பாரம் சரிபாதியாகும்.

இனி, சொல்லப்படாத செலவுகள்.

முதலாவது, கெய்சர். 15 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் பருமன் சுமார் 1.6 விழுக்காடு கூடும். 100 லிட்டர் ஹீட்டரில் அது ஒன்றரை லிட்டருக்கும் மேல். பி.ஆர்.வி. இல்லாதபோது அந்தக் கூடுதல் தண்ணீர் பொதுக் குழாய்ப் பக்கம் பின்வாங்கிவிடும். பி.ஆர்.வி. அந்தத் திரும்பும் வழியை அடைக்கிறது. தண்ணீர் அமுங்காத பொருள் என்பதால் அழுத்தம் விறுவிறுவென ஏறி, ஹீட்டரின் சேஃப்டி வால்வு சொட்டத் தொடங்கும். சிலர் அது கெட்டுவிட்டது என்று நினைத்து அடைத்தே விடுகிறார்கள். தயவுசெய்து அதை ஒருபோதும் செய்யாதீர்கள், வெடிக்கக்கூடிய கலனுக்கு அதுதான் கடைசிக் காவல். சரியான வழி, குளிர்நீர் லைனில் ஒரு விரிவுக் கலன் வைப்பது. உள்ளே ரப்பர் பையும் மறுபுறம் காற்றும் உள்ள சிறு டேங்க் அது. பெருகும் தண்ணீரை அந்தக் காற்று அமுங்கி வாங்கிக்கொள்ளும். சேமிப்பு ஹீட்டர் உள்ள வீட்டில் பி.ஆர்.வி. செலவோடு இதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

இரண்டாவது, அழுக்கு. இருக்கையில் ஒரு மணல் துகள் சிக்கினால் போதும், வால்வு முழுதாக மூடாது. முன்னால் ஒரு வடிகட்டி வேண்டும், அதைக் கழுவுவதற்கு இருபுறமும் மூடும் வால்வுகள் வேண்டும், வீட்டுப் பக்கம் நிரந்தரமாக ஒரு கேஜ் வேண்டும். ஆக நான்கைந்து பொருள்கள் சேர்ந்த அமைப்பு இது.

மூன்றாவது, அளவு. பெரிதாக வாங்கினால் நல்லது என்பது இங்கே பொருந்தாது. தேவைக்கு மீறிய பி.ஆர்.வி. சிறு ஓட்டத்தில் மயிரிழை திறப்பில் தடுமாறி ஓசை எழுப்பும், இருக்கை சீக்கிரம் தேயும். பைப்பு அளவை மட்டும் பார்த்து வாங்காமல், ஒரே நேரத்தில் எத்தனை குழாய் திறக்கும் என்று பார்த்து வாங்குங்கள். உள்ளே வரும் அழுத்தம் வெளியே போவதைப்போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் இரைச்சலும் அரிப்பும் வரக்கூடும். அப்போது ஒரே வால்வில் குறைக்காமல் அடுத்தடுத்து இரண்டில் படிப்படியாகக் குறைப்பது நல்லது.

வைக்கும் இடமும் முக்கியம். மெயின் வால்வுக்கும் வடிகட்டிக்கும் பிறகு, குளிர்நீரும் வெந்நீரும் பிரியும் இடத்துக்கு முன்னால் வையுங்கள். கெய்சர் லைனில் மட்டும் வைத்தால் மிக்சர் குழாயில் குளிர்நீர் 6 பாரிலும் வெந்நீர் 3 பாரிலும் மோதும், குளிக்கும்போது சூடு நிலையாக இருக்காது. தோட்டத்துக் கிளையை வேண்டுமானால் பி.ஆர்.வி.க்கு முன்பே பிரித்துக்கொள்ளலாம்.

பழுது என்று பார்த்தால் இது சத்தமில்லாமல் கெடும் பொருள். பெரும்பாலும் அழுத்தம் ஏறும் பக்கமாகவே கெடும், தண்ணீர் நன்றாக வருகிறது என்று நாம் சந்தோஷமாக இருப்போம். கேஜ் அதற்காகத்தான். ஓட்டமே இல்லாத நேரத்தில் முள் மெல்ல மெல்ல ஏறி வெளி அழுத்தத்தைத் தொட்டால் இருக்கையில் அழுக்கோ தேய்மானமோ. கெய்சரை ஆன் செய்த பிறகு மட்டும் ஏறினால் அது சூடான தண்ணீரின் விரிவு, பி.ஆர்.வி. மேல் குற்றமில்லை.

அப்புறம், குழாயைச் சட்டென மூடும்போது சுவருக்குள் 'டங்' என்று அடிக்கும் ஓசைக்கும் பி.ஆர்.வி.தான் மருந்து என்பார்கள். பாதி உண்மை. 1898-இல் ரஷ்ய அறிஞர் ஷுகோவ்ஸ்கி காட்டிய கணக்குப்படி, உலோகப் பைப்பில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீர் ஒரேயடியாக நின்றால் சுமார் 12 பார் அளவுக்கு அழுத்தம் தாவும். பி.ஆர்.வி. வேகத்தைக் குறைப்பதால் அந்த அடி குறையும், முழுதாக நிற்காது. வாஷிங் மெஷின் போலப் படக்கென்று மூடும் கருவிக்குப் பக்கத்தில் அதிர்ச்சி தாங்கி ஒன்று தனியாக வேண்டியிருக்கும்.

## தொட்டி வைத்துப் பிரித்துவிடுவது

பொதுக் குழாயின் தண்ணீர் மிதவை வால்வு வழியாகத் தொட்டிக்கு வருகிறது. அங்கேயே அதன் அழுத்தம் முழுவதும் தீர்ந்துவிடுகிறது. பிறகு வீட்டுக்குக் கிடைப்பது தொட்டியின் உயரம் தரும் அழுத்தம் மட்டுமே. ஸ்பிரிங் கிடையாது, சவ்வு கிடையாது, எந்தக் காலத்திலும் அழுத்தம் கூடவே கூடாது. தண்ணீர் வராத நேரத்துக்குச் சேமிப்பும் ஆயிற்று. தண்ணீர் விட்டு விட்டு வரும் இடங்களில் இதற்கு மாற்று இல்லை என்றே சொல்வேன். தொட்டி நீர்மட்டத்துக்கு மேல் இடைவெளி விட்டு வரவுக் குழாய் இருந்தால் வீட்டு அழுக்குத் தண்ணீர் பொதுக் குழாய்க்குள் உறிஞ்சப்படும் ஆபத்தும் இல்லை.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலை என்ன? 1,000 லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை, கட்டடம் தாங்க வேண்டும். தொட்டியைக் கழுவ வேண்டும், மூடி சரியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கொசுவும் பாசியும். எல்லாவற்றையும்விடப் பெரியது, அழுத்தம் தேவைக்கும் கீழே போய்விடுவது. மேல் மாடிக் குளியலறைக்கும் தொட்டிக்கும் 2 மீட்டர்தான் உயரம் என்றால் 0.2 பார். பல வாஷிங் மெஷின்கள் 0.5 பாராவது கேட்கும், உடனடி கேஸ் கெய்சர்கள் சில அந்த அழுத்தத்தில் பற்றவே பற்றாது. உடனே பிரஷர் பம்ப் வாங்க வேண்டி வரும். இலவசமாக வந்த அழுத்தத்தைத் தொட்டியில் தொலைத்துவிட்டு மின்சாரம் கொடுத்துத் திரும்ப வாங்குவதாக ஆகிவிடும்.

பம்ப் ஏற்கெனவே இருக்கும் வீட்டாருக்கு ஒரு வார்த்தை. பம்ப் 4 பார் வரை ஏற்றுகிறது, குழாய்கள் சீறுகின்றன என்றால் அதற்குப் பின்னால் பி.ஆர்.வி. போடாதீர்கள். பம்பின் பிரஷர் சுவிட்சை 2.5 பாரில் நிற்குமாறு குறைத்து வையுங்கள். ஏற்றி இறக்குவதற்கு எதற்கு இரண்டு செலவு?

## ஒரே பார்வையில்

| | மெயின் வால்வைப் பாதி மூடுவது | குழாய்க்குக் குழாய் | பி.ஆர்.வி. | தொட்டி |
|---|---|---|---|---|
| நிற்கும்போது அழுத்தம் குறையுமா | குறையாது | குறையாது | குறையும் | குறையும் |
| பலன் எங்கே | ஓட்டத்தில் மட்டும் | அந்தக் குழாயில் மட்டும் | வீடு முழுவதும் | வீடு முழுவதும் |
| பல குழாய் திறந்தால் | சட்டென இளைக்கும் | பாதிப்பில்லை | அளவு சரியென்றால் தாங்கும் | உயரத்தையும் பைப்பின் அகலத்தையும் பொறுத்தது |
| மறைவான செலவு | வால்வின் ஆயுள் | அவ்வப்போது கழுவுதல் | வடிகட்டி, கேஜ், விரிவுக் கலன் | எடை, சுத்தம், சில வீட்டில் பம்ப் |
| பழுதானால் | அவசரத்தில்தான் தெரியும் | உடனே தெரியும் | கேஜ் இருந்தால் தெரியும் | வழிந்து தெரியும் |

## எந்த வீட்டுக்கு எது

நேரடி இணைப்பு, இரவில் 5 பாருக்கு மேல் என்றால் தயங்காமல் பி.ஆர்.வி. 4-க்கும் 5-க்கும் நடுவே இருந்தால் வீட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பழைய பைப்பு, சேமிப்பு ஹீட்டர், அடிக்கடி ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடு என்றால் நான் பி.ஆர்.வி. பக்கம்தான் சாய்வேன். பூட்டிய வீட்டில் ஒரு ஹோஸ் வெடித்தால் யார் பார்ப்பது? 4 பாருக்குக் கீழே என்றால் ஓட்டக் கட்டுப்பாட்டு வளையங்களே போதும். ஓரிரு மாடி வீட்டில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து மட்டுமே தண்ணீர் வருகிறதென்றால் உச்ச அழுத்தமே 1 பாரைச் சுற்றித்தான் இருக்கும். அங்கே பி.ஆர்.வி. போடச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உயர்ந்த அடுக்குமாடி வேறு கணக்கு. 20 மாடிக் கட்டடத்தின் மேல்தொட்டி 60 மீட்டர் உயரத்தில் இருந்தால் தரைத்தளத்தில் 6 பார் நிற்கும், மேல் தளத்திலோ தண்ணீர் தவழும். அதனால்தான் கட்டடத்தைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொரு பகுதிக்கும் பொதுவான பி.ஆர்.வி. வைக்கிறார்கள். கீழ்த்தளத்தில் குடியிருப்பவர் தன் வீட்டுக்குத் தனியாக ஒன்று வாங்குவதற்கு முன் அந்தப் பொது வால்வு வேலை செய்கிறதா என்று கேட்பது நல்லது. உங்களுக்கு மேலும் கீழும் உள்ள வீடுகளிலும் அதே சீற்றம் இருந்தால், அதுவும் சமீபத்தில்தான் தொடங்கியது என்றால், அனேகமாகப் பொது வால்வில்தான் பழுது. அதைச் சரிசெய்தால் எல்லா வீட்டுக்கும் தீரும்.

பி.ஆர்.வி. என்று முடிவு செய்தவர்களுக்கு, அளவு வைக்கும் முறை. வால்வின் உடம்பில் இருக்கும் அம்புக்குறி தண்ணீர் போகும் திசையைப் பார்க்க வேண்டும். பூட்டு நட்டைத் தளர்த்தி, போல்ட்டை வலப்பக்கம் திருகினால் பொதுவாக அழுத்தம் கூடும், இடப்பக்கம் திருகினால் குறையும். குறைத்த பிறகு உடனே கேஜைப் பார்த்தால் பழைய எண்ணையே காட்டும், ஏனென்றால் ஏற்கெனவே உள்ளே அடைபட்ட அழுத்தம் வெளியேறவில்லை. ஒரு குழாயைத் திறந்து மூடிவிட்டுப் பாருங்கள். 3 பாரில் தொடங்கி, மேல் மாடி ஷவரையும் சமையலறைக் குழாயையும் ஒன்றாகத் திறந்து பார்த்து, போதவில்லை என்றால் கால் சுற்று கால் சுற்றாக ஏற்றுங்கள். விரிவுக் கலனின் காற்றழுத்தத்தையும் அதே அளவுக்கு வைக்க வேண்டும், அதைக் கலனில் தண்ணீர் அழுத்தம் இல்லாதபோது காற்றடித்து அளந்து பாருங்கள்.